உடல்நலம் பற்றி வாசிக்க நேரம் ஒதுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, உடல்நலம், உணவு, உடற்பயிற்சி பற்றிய எழுத்துகளைச் சேர்ந்து வாசித்து வருகிறோம். எங்களில் மருத்துவர் எவரும் இல்லை. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்த பிறகு, நாமும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று உணர்ந்தவர்களே பெரும்பாலும் வருகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், இத்தனை நாள் வாசிப்பில் எனக்குத் தெளிவான பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

வேலை, வீடு, பயணம் எல்லாம் போக நாளில் நேரமே மிஞ்சுவதில்லை. வாசிக்க நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

எல்லா வேலையும் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் வாசிக்கலாம் என்று வைத்திருந்தால், அந்த நேரம் ஒருநாளும் வராது. ஏற்கெனவே நாளுக்குள் இருக்கும் காத்திருப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் வாசிப்பை வைத்துவிடுவதே நடைமுறையில் நிலைக்கிறது. டியூஷன் முடியும் வரை வாசலில் நிற்கும் நேரம், பேருந்தில் உட்கார இடம் கிடைத்த பிறகான நேரம், மருத்துவமனையில் டோக்கன் எண் வரும் வரையிலான நேரம் ஆகியவை எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. நாளுக்கு 15 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 91 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரத்தில், தன் வீட்டில் உள்ள நோயைப் பற்றி ஒருவர் தெளிவாகவே தெரிந்துகொண்டுவிடலாம்.

என் அம்மாவின் வாசிப்பு நேரம் கிரைண்டர் ஓடும் நேரம். உளுந்து அரைபடும்போது நடுநடுவே தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட வேண்டும் என்பதால், அடுக்களையை விட்டு நகர முடியாது. அதே சமயம் வேறு வேலையையும் கையில் எடுக்க முடியாது. அந்த இடைவெளியில், மேடைமீது எவர்சில்வர் டம்ளரைப் பாரமாக வைத்து விரித்த தாளை நின்றபடியே படிப்பார். அவர் படித்த தாள்களின் ஓரத்தில் மாவு பட்ட விரல் தடம் காய்ந்து வெள்ளையாக இருக்கும். வாரத்தில் இரண்டு நாள்தான் மாவு அரைப்பார். சர்க்கரை நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு நாள்களில் வந்தது.

வீட்டு வேலை முழுவதும் என் தலையில்தான். எனக்கு அப்படி ஓர் இடைவெளிகூட இல்லையே?

இது உண்மையான நிலை. உங்கள் திட்டமிடலில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2019ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இப்படிப் போகிறவரிடம் இன்னும் கொஞ்சம் முன்னதாக எழுந்திருங்கள் என்று சொல்வது, அவருடைய தூக்கத்தைப் பிடுங்குவதாகும். தூக்கமும் உடல்நலம்தான். ஆகவே இந்த 15 நிமிடம் வீட்டில் உள்ள மற்றவர்களிடமிருந்து வர வேண்டும். இரவுப் பாத்திரங்களைக் கணவரோ மகனோ கழுவுவது என்று ஒரு வேலையைக் குறிப்பாகப் பெயர் சொல்லிக் கைமாற்றினால்தான் அது நடக்கிறது. “கொஞ்சம் உதவி செய்யுங்கள்” என்று பொதுவாகக் கேட்ட வீடுகளில் ஒன்றும் மாறவில்லை என்பதை எங்கள் கூட்டத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உடல்நலம் என்பது கடல் போன்றது. எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து எழும் ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். “சர்க்கரை நோய்” என்று தலைப்பாக எடுத்துக்கொண்டால் அதற்கு முடிவே இல்லை. “அப்பா இரவில் குறைவாகத்தான் சாப்பிடுகிறார், இருந்தும் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும்போது ஏன் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது?” என்று கேட்டால், அது இரண்டு பக்கங்களில் விடை கிடைக்கக்கூடிய கேள்வியாகிவிடுகிறது. விடியற்காலையில் கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் கூடுவதால், கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கு அது அப்படியே அளவில் தெரிகிறது. இதை ஒருமுறை தெரிந்துகொண்ட மகள், இரவில் திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிட்டீர்களா என்று அப்பாவைக் கடிந்துகொள்வதை நிறுத்தினார். மருந்து நேரத்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும் மதிப்பிட்டது. ஆகவே உங்கள் முதல் கேள்வி இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரை, எவ்வளவு சுவையாக இருந்தாலும் வேறு தலைப்புக்குப் போக வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் தினமும் பத்து உடல்நலக் குறிப்புகளாவது படிக்கிறேன். அது போதாதா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பத்துக் குறிப்புகளும் சேர்ந்து உங்களிடமிருந்து 15 நிமிடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட உங்கள் கேள்விக்கு எழுதப்பட்டதன்று. யார் எழுதியது, எந்த ஆண்டு எழுதியது, எந்த வயதினருக்கு, எந்த அளவில் என்ற நான்கும் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. “வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும்” என்ற வரியில் எவ்வளவு வெந்தயம், எத்தனை நாள், மாத்திரையுடன் சேர்த்தா மாத்திரை இல்லாமலா என்பது இல்லாவிட்டால், அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகருக்காக எழுதப்பட்ட அந்த விதியை, இப்போது கைப்பேசியை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் செய்தது ஒன்றுதான்: குடும்பக் குழுக்களை ஒலியில்லாமல் வைத்துவிட்டு, வரும் குறிப்புகளில் உறவினர் எவரேனும் செயல்படுத்தத் தொடங்கியதை மட்டும் எடுத்துச் சரிபார்க்கிறேன். மற்றவை வந்தபடியே போகட்டும்.

நம்பி வாசிக்கக்கூடியவை எங்கே கிடைக்கும்?

உணவுக்கு, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை முதலில் சொல்வேன். அதில் 17 வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. நம் அரிசி, பருப்பு, கீரை, எண்ணெய் ஆகியவற்றை வைத்தே அது பேசுகிறது. இந்த நிறுவனம் 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவாகப் பிறந்தது. 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. நம் மண்ணில் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவுகளை நாம் வாசிக்காமல், வேறு நாட்டு உணவு அட்டவணையைப் பார்த்துக் கேழ்வரகை விட்டு ஓட்ஸ் வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு சிகிச்சை உண்மையில் பலனளிக்கிறதா என்று அறிய, காக்ரேன் அமைப்பு வெளியிடும் எளிய மொழிச் சுருக்கங்கள் உதவும். அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் கிடைக்கிறது. ஒரே கேள்வியின் மீது நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிச் சொல்வதால், ஒற்றை ஆய்வைப் பற்றிய செய்தியைவிட அவை நிதானமானவை.

நூலகத்தையும் மறக்க வேண்டாம். 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றுக்கு அருகில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கிளை நூலகத்தில் மருத்துவ நூல்கள் பழையனவாக இருக்கலாம். அச்சான ஆண்டைப் பார்த்து எடுங்கள். உடற்கூறு பழையதாக இருந்தால் பாதகமில்லை. மருந்து, சிகிச்சை பற்றியவை பழையதாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் இருந்தால் தடுமாறுகிறேன்.

முப்பது சொற்கள் போதும். உங்கள் பரிசோதனை அறிக்கையிலும் மாத்திரை அட்டையிலும் வரும் சொற்களை மட்டும் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளை எழுதுங்கள். வீட்டில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரோடு உட்கார்ந்து செய்யலாம், இருவருக்கும் பயன்.

பரிசோதனை அறிக்கையை நாமே வாசிக்கலாமா?

வாசிக்க வேண்டும் என்றே சொல்வேன். நமக்கென்றே எழுதப்பட்ட உடல்நல எழுத்து அது ஒன்றுதான். பணம் கொடுத்து வாங்கி, மருத்துவரிடம் காட்டிவிட்டு, அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

என் அப்பாவின் அறிக்கைகள் கல்யாண வீட்டில் கொடுத்த ஒரு மஞ்சள் பையில் மடித்தபடி கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தேதி வாரியாகக் கூடத்தில் பரப்பி வைத்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்று ஆண்டுகளில் 98, 107, 118 என்று இருந்தது. அந்தப் பரிசோதனைக்கூடத்தின் தாளில் இயல்பு வரம்பு 70 முதல் 110 என்று அச்சிட்டிருந்ததால், முதல் இரண்டும் சாதாரண எழுத்திலும் மூன்றாவது மட்டும் தடித்த எழுத்திலும் இருந்தன. தடித்த எழுத்து வரும் வரை எங்கள் வீட்டில் எவரும் கவலைப்படவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; உலக சுகாதார நிறுவனம் அந்த நிலையை 110இலிருந்து கணக்கிடுகிறது; 126ம் அதற்கு மேலும் இரண்டிலும் சர்க்கரை நோய். எந்த அளவுகோலை வைத்தாலும், மூன்று தாள்களையும் அருகருகே பார்த்த எவருக்கும் எண் ஏறிக்கொண்டே போவது தெரிந்திருக்கும். ஓர் ஆண்டை நாங்கள் இழந்ததற்குக் காரணம், தாள்களை ஒன்றாக வைத்து வாசிக்காததுதான்.

ஆகவே முதலில் தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு அலகையும், எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் ரத்தம் கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். எச்பிஏ1சி என்ற அளவு ரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, 5.7க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இடுப்புச் சுற்றளவுக்கு டேப் போதும்: நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டிவிட்டால் கவனம் தேவை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ கணக்கிலும், உலகப் பொது வரம்பு 25 என்றால் இந்தியர்களுக்கு 23இலிருந்தே கூடுதல் எடை என்று நம் மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இயல்பு வரம்பு என்பது பொதுவாக நலமான மக்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் விழும் எல்லை. அப்படியானால் நலமாக இருப்பவரிலேயே இருபதில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே விழுவார். “முழு உடல் பரிசோதனை” என்று ஐம்பது அளவுகளைப் பார்த்தால், ஒன்றிரண்டு தடித்த எழுத்தில் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. தடித்த எழுத்தைக் கண்டு பதறவும் வேண்டாம். சாதாரண எழுத்தைக் கண்டு அயரவும் வேண்டாம்.

“ஆபத்து இரு மடங்கு” என்றெல்லாம் செய்தி வருகிறதே, அதை எப்படி வாசிப்பது?

எதன் இரு மடங்கு என்று கேட்டு வாசிக்க வேண்டும். 1995 அக்டோபரில் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்குழாயில் உறைகட்டும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. அச்சமடைந்த பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் பழைய வகையை உட்கொண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, புதிய வகையில் 7,000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. இரு மடங்கு என்பதும் சரி, 7,000இல் கூடுதலாக ஒருவர் என்பதும் சரி. ஆனால் முதல் வடிவம் மட்டுமே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. கருவுறுவதும் கருக்கலைப்பும்கூட உறைகட்டும் ஆபத்தைக் கூட்டுபவை என்பதை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து, விழுக்காடு கண்ட இடத்தில் “எத்தனை பேரில் எத்தனை பேர்” என்று தேடாமல் நான் மேலே வாசிப்பதில்லை. அந்த எண் கட்டுரையில் இல்லையென்றால் கட்டுரையை மூடிவிடலாம், நேரம் மிச்சம்.

ஒரு நாள் முட்டை நல்லது, மறுநாள் கெட்டது என்கிறார்கள். வாசித்து என்ன பயன்?

சில மாற்றங்கள் உண்மையான அறிவு மாற்றங்கள். முட்டையைச் சந்தேகிக்க வைத்தது அதிலுள்ள கொலஸ்ட்ரால். அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மி.கி. கொலஸ்ட்ரால் என்று பல ஆண்டுகளாக வைத்திருந்த எண்ணிக்கை வரம்பை 2015ஆம் ஆண்டுக்கான பதிப்பில் எடுத்துவிட்டது. உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிடச் செறிவுற்ற கொழுப்பே ரத்தக் கொலஸ்ட்ராலை மிகுதியாகக் கூட்டுகிறது என்று தெளிவானது அதற்கு ஒரு காரணம். பெரும்பாலான முரண்பாடுகள் வேறு வகை. எலியில் செய்த சோதனையையும், மக்களின் பழக்கத்தைக் கேட்டறிந்து எழுதிய ஆய்வையும், இரு குழுவாகப் பிரித்துப் பல ஆண்டுகள் பார்த்த ஆய்வையும் செய்தி ஒரே அளவு எழுத்தில் அச்சிடுகிறது. நீங்கள் வாசிப்பது இந்த மூன்றில் எது என்று கண்டுகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உடற்பயிற்சி பற்றி வாசிக்கும் நேரத்தில் உடற்பயிற்சியே செய்யலாமே?

சரியான கேள்வி. நடக்கும் நேரத்தை வாசிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் விதி. 1953இல் ஜெரமி மோரிசும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி எழுதிய ஆய்வில், நாள் முழுவதும் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே நூறு கட்டுரை படித்தாலும், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் நிலைதான் நமக்கும்.

ஆனால் வாசிக்காமல் செய்பவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது. இது பலருக்கும் தெரியும்; காலையில் பூங்காவைச் சுற்றுகிறார்கள். அதே பக்கத்தில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இதை முதலில் வாசித்த நாளில், பதினைந்து ஆண்டாக நடப்பவர்களில் ஒருவர்கூட அந்த இரண்டாம் பகுதியைச் செய்திருக்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பது, முழங்கால் இடம் கொடுத்தால் பஸ்கி போடுவது என்று வீட்டிலேயே தொடங்கினார்கள். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், பேருந்துப் படியில் ஏறும்போது இப்போது கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதில்லை என்றார். ஒரு பக்கத்தை முழுதாக வாசித்ததன் பலன் அது.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டுமா?

அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. பெயரின் பொருளே பத்தாயிரம் அடி அளவி என்பதுதான். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைக் கவனித்ததில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைந்து காணப்பட்டதையும், 7,500 அடிக்கு மேல் அந்தக் குறைவு பெரிதாகக் கூடவில்லை என்பதையும் காட்டியது. முதியவர்கள் பத்தாயிரத்தை எட்ட முடியவில்லை என்று நடையையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

கட்டுரைகள் வேண்டாம். அன்றாடம் பயன்படும் வாசிப்பு ஏதேனும் உண்டா?

உணவுப் பொட்டலத்தின் பின்பக்கம். கடையில் நின்று அரை நிமிடத்தில் முடியும். சேர்த்த பொருள்கள் எடையில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்றைப் பார்த்தால் அது எதனால் ஆனது என்று தெரிந்துவிடும். சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமில் 800 மி.கி. சோடியம் என்று எழுதிய மிக்சரை 50 கிராம் தின்றால் 400 மி.கி. சோடியம், அதாவது ஒரு கிராம் உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குக் கீழ். சாம்பார், ஊறுகாய், மோர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் கதை இன்னும் பொருத்தமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் இருக்கும்; பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உடன் இருக்கும். இதைவிடப் பல மடங்கு சர்க்கரை கலந்த பான அட்டைப்பெட்டிகளும் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை கொடுத்தால், அது குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அந்தக் கலவையில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். வரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் சர்க்கரை அளவு எப்போதும் சிறிய எழுத்தில் இருந்தது. நானே என் தங்கை மகனுக்கு அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வாசிக்க வாசிக்க எல்லா நோயும் எனக்கு இருப்பது போலப் பயமாக இருக்கிறது.

இரவில் படுக்கையில் வாசிப்பதை முதலில் நிறுத்துங்கள். அறிகுறியைத் தட்டிப் பார்த்துத் தொடங்கும் வாசிப்பையும் தவிருங்கள். தலைவலி என்று தேடினால் மூளைக் கட்டியில்தான் போய் முடியும். ஏற்கெனவே மருத்துவர் சொன்ன நோயின் பெயரிலிருந்து தொடங்கும் வாசிப்பு இப்படிப் பயமுறுத்துவதில்லை.

வாசிக்கவே கூடாத நேரங்களும் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென்று வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் எது வந்தாலும், கைப்பேசியில் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

“படித்தேன்” என்று சொன்னாலே மருத்துவர் முகம் மாறுகிறதே?

ஒரு நோயாளிக்கு அவர் தர முடிகிற சில நிமிடத்தில், படித்ததையெல்லாம் கொட்டினால் எவருக்கும் பொறுமை போகும். ஒரு சீட்டில் மூன்றே கேள்விகளை எழுதி, உட்கார்ந்தவுடன் மேசைமேல் வையுங்கள். “இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள், எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும்” என்ற மூன்றுக்கும் எரிச்சலோடு பதில் சொன்ன மருத்துவரை நான் கண்டதில்லை. எதை வாசித்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்த மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ அவரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஊழியர்களிடமும் இதே சீட்டை நீட்டலாம். எங்கள் தெருவுக்கு வருபவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

படித்தது மறந்துபோகிறது.

மூன்று வரி எழுதுங்கள்: என்ன தெரிந்தது, யார் சொன்னது, இந்த வாரம் எதை மாற்றப் போகிறேன். அன்றிரவு சாப்பிடும்போது ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்ல வராத இடம்தான் சரியாகப் புரியாத இடம்.

எங்கள் ஊரிலும் இப்படிச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். நான்கு பேர் போதும். ஒருவர் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத எழுத்து ஒன்றை நகல் எடுத்து வருகிறார். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் புரியாத சொல்லின் கீழ்க் கோடிடுகிறார்கள். நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் வந்து கேட்கிறார்கள். கேள்விகளில் பாதி அவர்களுடையவையே. மருந்து விற்க வருபவர்களையும் பொடி விற்க வருபவர்களையும் முதல் நாளிலேயே அன்போடு திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. வரும் சனிக்கிழமைக்கு அம்மா எழுதிக் கொடுத்திருக்கும் கேள்வி, கேழ்வரகுக் களிக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் சர்க்கரை ஏறுவதில் வேறுபாடு உண்டா என்பது. அதற்கான இரண்டு பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.